பேட்டரியோடு வரும் காற்றாலைக்கு நிலம் கொடுக்கலாமா?

உங்கள் கேள்வி நீளமாக இருந்தது. மற்றவர்களும் படிப்பதால் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். விளாத்திகுளம் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம். ஒரு கம்பெனி முப்பதுக்கும் மேற்பட்ட காற்றாடிகளையும் கன்டெய்னரில் அடைத்த பேட்டரிகளையும் அங்கே நிறுத்தப் போகிறதாம். புரோக்கர் வீடு வீடாக வந்து அட்வான்ஸ் பேசிக்கொண்டிருக்கிறார். ஊரில் பாதிப்பேர் காத்தாடி வந்தால் மழை போய்விடும் என்கிறார்கள், பாதிப்பேர் பேட்டரி வெடிக்கும் என்கிறார்கள். அப்பா பெயரில் 4 ஏக்கர் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தலைப்பில் பேட்டரி பாதுகாப்பானதா என்றுதான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் முழுவதும் படித்தபோது எனக்குப் பட்டது வேறு: இந்தத் திட்டம் வந்தபிறகும் மிச்ச நிலத்தில் விவசாயம் நடக்குமா, நடக்க வேண்டுமென்றால் இப்போதே எதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் உங்கள் கவலை. அதற்கே பதில் சொல்கிறேன். பேட்டரி விஷயமும் நடுவில் வரும்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தென் மாவட்டங்களில் காற்றாலைகளுக்கு இடம் பார்ப்பது, ரோடு போடுவது, காற்றாடி நிறுத்துவது என்று பல வருஷம் கம்பெனிக்காரர்கள் பக்கம் இருந்து வேலை பார்த்தவன். அதனால் காற்றாடி, மண், லைன் பற்றிச் சொல்வதை நேரில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். பேட்டரி நம் பக்கத்துக்குப் புதுசு. அதில் நான் சொல்வது வெளிநாட்டு விபத்து அறிக்கைகளையும், கூட வேலை பார்த்த பேட்டரி இன்ஜினியர்களிடம் கேட்டுத் தெரிந்ததையும் வைத்து. நான் வக்கீல் இல்லை. பத்திரம் பற்றிச் சொல்வதை எதைக் கேட்க வேண்டும் என்பதற்கான குறிப்பாக எடுத்துக்கொண்டு, பதிவுக்கு முன் சிவில் வக்கீல் ஒருவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

முதலில் மழையைப் பற்றி. முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்றாடி வந்த நாளிலிருந்து இந்தப் பேச்சு இருக்கிறது. உங்கள் ஊருக்கு மழை கொடுப்பது ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் இருந்து வரும் வடகிழக்குப் பருவக்காற்று. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்புள்ள காற்றழுத்தத் தாழ்வுகள்தான் அந்த மழைக்குக் காரணம். இன்றைய பெரிய காற்றாடியின் இறக்கை நுனி எட்டும் உயரம் சுமார் 210 மீட்டர். மழை மேகம் நிற்பது அதற்கு வெகு மேலே. முப்பது காற்றாடி அந்த மழையைத் தடுக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அதற்காக ஒரு பாதிப்பும் கிடையாது என்று கம்பெனிக்காரர் சொன்னால் அதுவும் முழுசாகச் சரியில்லை. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்துக் காற்றாலைப் பகுதிகளைச் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்தபோது, ராத்திரி நேரத்தில் தரையின் வெப்பம் பக்கத்து இடங்களைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. இறக்கைகள் மேலே உள்ள வெதுவெதுப்பான காற்றைக் கீழே கலக்கிவிடுவதுதான் காரணம். கூடுதல் ஒரு டிகிரிக்கும் குறைவுதான். அது உங்கள் ஊர் உளுந்துக்கும் கம்புக்கும் பனியைக் குறைத்து நல்லது செய்யுமா, கெட்டது செய்யுமா என்பதற்கு இன்னும் தெளிவான பதில் கிடையாது. கரிசல் மானாவாரியில் அப்படி யாரும் அளந்து நான் பார்த்ததில்லை.

மழையைவிட மழைத்தண்ணீர் ஓடுகிற வழியைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். காற்றாலை என்றதும் எல்லாரும் மேலே பார்க்கிறார்கள். வில்லங்கம் எல்லாம் கீழே, ரோட்டில் இருக்கிறது. 3 மெகாவாட் காற்றாடி ஒன்றின் இறக்கை சுமார் 70 மீட்டர் நீளம், அது முழுசாக ஒரே துண்டாக டிரெய்லரில் வர வேண்டும். அதற்கு ஐந்தாறு மீட்டர் அகல ரோடு, வளைவுகளில் இன்னும் அகலம், கிரேன் நிற்க கெட்டியான மேடை. அஸ்திவாரக் குழி இருபது மீட்டர் விட்டத்துக்கு மேல் போகும், அதில் நானூறு ஐநூறு கன மீட்டர் கான்கிரீட் இறங்கும். கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், அதன்மேல் கனரக வண்டி ஓடாது. அதனால் சரளை கொண்டுவந்து ஒன்றரை இரண்டு அடி உயர்த்தி ரோடு போடுவார்கள். அந்த உயர்த்தின ரோடு, சரிவில் மெதுவாக வடிந்து ஓடைக்கும் கண்மாய்க்கும் போய்க்கொண்டிருந்த தண்ணீருக்குக் குறுக்கே கரை மாதிரி நின்றுவிடும். மேல்பக்கப் பிஞ்சையில் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும், கீழ்பக்கம் கண்மாய்க்கு வரத்து குறையும். இரண்டு பிஞ்சைக்காரர்களும் காற்றாலைக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கொடுக்காதவர்களாக இருப்பார்கள், நஷ்டஈடு கேட்க அவர்களிடம் காகிதமும் இருக்காது. இலங்கையின் மன்னார் தீவில் 2020 முதல் ஓடும் 103.5 மெகாவாட் காற்றாலை மீது அங்குள்ள மக்கள் சொல்லிவரும் முக்கியமான குறைகளில் ஒன்றும் மழைநீர் வடியும் வழி அடைபட்டது என்பதுதான். அது மணல் தீவு, உங்களுடையது கரிசல், மண் வேறு. ஆனாலும் குறை ஒரே குறைதான்.

இதற்குத் தீர்வு கஷ்டமானது இல்லை, செலவுதான் கொஞ்சம் கூடும். ரோடு எங்கெங்கே போகிறது என்ற வரைபடத்தை கிராமப் புலப்படத்தின் மேல் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதில் ஓடை, வாய்க்கால், நீர்வரத்துப் பாதை எல்லாம் குறித்திருக்க வேண்டும். அதிகாரிகள் வரைபடத்தில் வராத சின்னச் சின்ன நீரோட்டங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத்தான் தெரியும். ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் அவர்களைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்தால் போதும். தண்ணீர் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் குழாய்ப்பாலமோ தரைப்பாலமோ வேண்டும், வேலை முடிந்தபிறகு அதைத் தூர்வாருவது யார் பொறுப்பு என்றும் எழுத வேண்டும். குழாய் போட்டுவிட்டு மூன்றாம் வருஷம் மண் அடைத்துக் கிடப்பதை நிறைய இடத்தில் பார்த்திருக்கிறேன். அஸ்திவாரம் தோண்டும்போது மேல்மண்ணைத் தனியாகக் குவித்து, கடைசியில் அதையே மேலே பரப்பச் சொல்லுங்கள். சரளை பரவிய கரிசல் அப்புறம் பயிருக்கு உதவாது.

வேலை நடக்கும் மாதம் எது என்பதை ஊர்க்காரர்கள் யாரும் கேட்பதில்லை. நம் பக்கம் காற்று வீசுவது வைகாசியில் இருந்து புரட்டாசி வரை. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு கணவாய்களின் வழியாக வரும் மேல்காற்று அது. அந்த நேரத்தில் உங்கள் மானாவாரிக் காடு தரிசாகக் கிடக்கும். அப்போதே வந்து நட்டுவிட்டுப் போகட்டுமே என்று தோன்றும். முடியாது. காற்று பலமாக அடிக்கும்போது அத்தனை உயரத்தில் இறக்கையைத் தூக்கி மாட்ட கிரேனால் ஆகாது. காற்று நொடிக்குப் பத்து மீட்டரை நெருங்கினாலே தூக்கும் வேலையை நிறுத்திவிடுவார்கள். அதனால் காற்றாடி நிறுத்துவது பெரும்பாலும் காற்று அடங்கின ஐப்பசிக்குப் பிறகுதான் நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழையால் கரிசலில் வண்டி இறங்காது. மிச்சம் தை, மாசி, பங்குனி. அடுத்த காற்றுக்கு முன் ஓடவைத்தாக வேண்டும் என்ற அவசரம் வேறு. தை மாசியில்தான் உங்கள் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் அறுவடைக்கு நிற்கும், மிளகாயும் மல்லியும் காட்டில் இருக்கும். பயிர் நஷ்டஈடு எந்த விலைக்கு, எந்த விளைச்சல் கணக்கில், எத்தனை நாளுக்குள் என்பதை விதைப்புக்கு முன்பே எழுதி வாங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். டிரெய்லர் வரப்பில் வந்து நிற்கும்போது பேசினால், பேச்சு அன்றைக்கு இருக்கிற சூப்பர்வைசரின் மனசைப் பொறுத்ததாகிவிடும்.

அடுத்தது லைன். ஒவ்வொரு காற்றாடியில் இருந்தும் கம்பெனியின் சப்ஸ்டேஷனுக்கு 33 கிலோவோல்ட் லைன் கம்பங்களில் போகும். சப்ஸ்டேஷனில் இருந்து வெளியே போவது 110 அல்லது 230 கிலோவோல்ட், சில திட்டங்களில் அதற்கும் மேல். பெரிய லைனுக்கு மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. 2015-இல் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம் என்று வைத்தார்கள். 2024 ஜூனில் அதைத் திருத்தி, கோபுர அடிக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கிராமப்புறத்தில் லைனுக்குக் கீழே உள்ள நிலத்துக்கு 30 சதவீதம் என்று உயர்த்தினார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இது 66 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள லைன்களுக்கு மட்டும்தான், அதிலும் மாநிலம் எப்படி ஏற்று நடைமுறைப்படுத்துகிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் ஊருக்குள் அதிகமாக ஓடப்போவது 33 கிலோவோல்ட். அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது, பேசி வாங்குவதுதான். ஒவ்வொருவராகப் பேசினால் மாட்டிக்கொள்வீர்கள், கம்பத்துக்கு இவ்வளவு, கம்பி போகும் மீட்டருக்கு இவ்வளவு என்று ஊருக்கு ஒரே விலையாகப் பேசுங்கள். முடிந்த இடத்தில் ரோட்டோரமாகப் பூமிக்கடியில் கேபிளாகக் கொண்டுபோகச் சொல்லலாம். செலவு அதிகம் என்பார்கள், உண்மைதான். ஆனால் வீட்டுப் பக்கமும் கோயில் பக்கமும் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

சத்தம், நிழல், தூரம் பற்றிச் சுருக்கமாக. மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் 2016 வழிகாட்டுதல், குடியிருப்பில் இருந்து 500 மீட்டருக்குள் காற்றாடி வைக்கக் கூடாது என்கிறது. பொது ரோடு, கட்டடம் ஆகியவற்றில் இருந்து கோபுர உயரம், இறக்கை வட்டத்தில் பாதி, அதோடு 5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 140 மீட்டர் கோபுரம், 144 மீட்டர் இறக்கை வட்டம் என்றால் 217 மீட்டர். குடியிருப்புப் பகுதியில் ராத்திரிச் சத்தம் 45 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. ஒரே ஒரு காற்றாடி 500 மீட்டரில் இருந்தால் பொதுவாக இந்த எல்லைக்குள்தான் இருக்கும். ஆனால் அதே தூரத்தில் இரண்டு நின்றால் 3 டெசிபல் கூடும், நான்கு நின்றால் 6. ஆகவே 500 மீட்டர் தள்ளித்தான் வைக்கிறோம் என்ற பதிலோடு விடாமல், உங்கள் தெருவுக்கு எல்லாக் காற்றாடியும் சேர்ந்து எவ்வளவு சத்தம் வரும் என்ற கணக்கைக் கேளுங்கள். அதைப் போட்டுக்கொடுக்கும் மென்பொருள் எல்லாக் கம்பெனியிடமும் இருக்கிறது. இறக்கையின் நிழல் வீட்டு ஜன்னலில் விட்டு விட்டு விழுவதற்கு ஜெர்மனியில் வருஷத்துக்கு 30 மணி நேரம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். அதே மென்பொருளில் அந்தக் கணக்கும் வரும். காற்றாடிச் சத்தத்தால் நோய் வரும் என்று சொல்பவர்களும் உண்டு. தூக்கம் கெடுவது, எரிச்சல் ஆகியவை உண்மை, ஆய்வுகளில் பதிவானவை. அதைத் தாண்டிய நோய்களுக்கு உறுதியான தொடர்பு காட்டப்படவில்லை.

சரி, பேட்டரி. காற்றாலையில் ஏன் பேட்டரி என்பதில் இருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் ஊரில் இதைப் பற்றித் தப்பான நம்பிக்கையும் தப்பான பயமும் இரண்டும் இருக்கின்றன. ஆடிக் காற்றைச் சேமித்து மாசியில் கொடுப்பார்கள் என்று உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். கணக்குப் பாருங்கள். 100 மெகாவாட் காற்றாலை முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினால் 2,400 மெகாவாட்-மணி (ஒரு மெகாவாட்-மணி என்றால் ஆயிரம் யூனிட்). அதோடு 50 மெகாவாட், இரண்டு மணி நேரப் பேட்டரி வைத்தால் அதில் அடங்குவது 100 மெகாவாட்-மணி, அதாவது அந்தக் காற்றாலையின் ஒரு மணி நேர உற்பத்தி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மாநிலம் முழுக்க விளக்கு போடும்போது மின்சாரத்துக்கு விலை அதிகம். அந்த நேரத்துக்குக் கொஞ்சம் தள்ளிவைப்பதும், நாளைக்கு இவ்வளவு தருவேன் என்று சொன்ன அளவுக்கும் உண்மையில் வரும் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தால் வரும் அபராதத்தைக் குறைப்பதும்தான் பேட்டரியின் வேலை. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ்டவுன் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், கோதுமையும் ஆடும் வளர்க்கிற வறண்ட பூமியில், 99 காற்றாடி உள்ள ஹார்ன்ஸ்டேல் காற்றாலைக்குப் பக்கத்தில் 2017 கடைசியில் 100 மெகாவாட், 129 மெகாவாட்-மணி பேட்டரி வைத்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெரிய லித்தியம் பேட்டரி அது. மின்கட்டமைப்பில் திடீர் ஏற்றத்தாழ்வு வரும்போது நொடிக்கும் குறைவான நேரத்தில் அது தாங்கிப் பிடித்ததால்தான் மற்ற நாடுகளும் இந்தப் பக்கம் திரும்பின. இப்போது தமிழ்நாட்டிலும் மாநிலப் பசுமை எரிசக்திக் கழகம் பேட்டரிக்கு டெண்டர் விட்டிருக்கிறது. ஆகவே உங்கள் ஊரோடு நிற்கப்போகிற விஷயம் இல்லை.

தீப்பிடிக்குமா என்றால், பிடித்திருக்கிறது. 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பேட்டரி அறையில் புகை வந்து, வாயு சேர்ந்து, கதவைத் திறந்தபிறகு வெடித்ததில் தீயணைப்பு வீரர்கள் படுகாயம் அடைந்தார்கள். 2021 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் ஜீலாங் பக்கத்தில், ஓடவிட்டுப் பார்க்கும் கட்டத்திலேயே குளிர்விக்கும் திரவம் கசிந்து ஒரு யூனிட் எரிந்தது, பக்கத்தில் இருந்ததற்கும் பரவியது. இரண்டோடு நின்றது, யாருக்கும் காயமில்லை, ஆனால் முழுக்க அடங்கிவிட்டதென்று அறிவிக்க மூன்று நாளுக்கு மேல் ஆனது. 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் நடந்ததுதான் பெரிது, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். அங்கே பேட்டரிகள் ஒரு பழைய மின்நிலையக் கட்டடத்துக்குள் மொத்தமாக அடுக்கப்பட்டிருந்தன. வகையும் நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த பழைய வகை. இப்போது இந்தியாவில் வருவது பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். அது தீப்பிடிக்கக் கூடுதல் வெப்பம் வேண்டும், தனித்தனிக் கன்டெய்னராக வெட்டவெளியில் இடைவெளி விட்டு வைப்பதால் ஒன்று எரிந்தாலும் மற்றதற்குப் பரவுவது குறைவு. நிறுவப்பட்ட பேட்டரி அளவோடு ஒப்பிட்டால் 2018-க்குப் பிறகு விபத்து விகிதம் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது என்பதும் பதிவில் இருக்கிறது. ஆனால் இந்த வகை எரியவே எரியாது என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் நம்பாதீர்கள். அதிலும் உள்ளே வெப்பம் கட்டுமீறினால் ஹைட்ரஜன் உள்பட எரியும் வாயுக்கள் வரும், புகையில் ஹைட்ரஜன் புளோரைடு என்ற நச்சு வாயு இருக்கும்.

இதில் உங்கள் ஊர் கேட்க வேண்டியது, எனக்குத் தெரிந்தவரை, மூன்று நான்கு விஷயம்தான். பேட்டரி யார்டு ஊருக்கு எந்தத் திசையில்? வருஷத்தில் பலமான காற்று உங்களுக்கு மேற்கில் இருந்து. ஊருக்கு நேர் மேற்கே யார்டு இருந்தால் ஆடியில் ஒரு கன்டெய்னர் எரிந்தாலும் புகை நேராகத் தெருவுக்குள் வரும். மழைக்காலத்தில் வாடைக்காற்று வடகிழக்கில் இருந்து வரும், ஆகவே அந்தப் பக்கத்தையும் தவிர்த்துவிட்டு, வடக்கே அல்லது தெற்கே ஒரு கிலோமீட்டராவது தள்ளி வைக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு கிலோமீட்டர் சட்டத்தில் உள்ள தூரம் இல்லை, என் சொந்தக் கணிப்பு. எரிகிற கன்டெய்னரை அணைக்க முயலாமல் எரியவிட்டு, பக்கத்துக் கன்டெய்னர்கள் மேல் தண்ணீர் அடித்துக் குளிரவைப்பதுதான் இப்போது பரவலான முறை. அதற்குத் தண்ணீர் எங்கே? உங்கள் பக்கம் சித்திரையில் குடிக்கவே லாரித் தண்ணீர். யார்டுக்குள்ளேயே தொட்டி கட்டி எப்போதும் நிரப்பி வைத்திருக்க வேண்டும். அடித்த தண்ணீர் ஓடை வழியாகக் கண்மாய்க்குப் போகாமல் சுற்றிலும் கரையும் பிடிப்புக் குழியும் வேண்டும். பக்கத்துத் தீயணைப்பு நிலையக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்களா, கதவைத் திறக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். யுஎல் 9540ஏ என்று ஒரு தீப்பரவல் சோதனை இருக்கிறது. தாங்கள் வாங்கும் மாடலுக்கு அந்த அறிக்கையைக் காட்டச் சொன்னால், எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்பது உடனே புரிந்துவிடும். இன்னொன்று, கன்டெய்னரின் குளிரூட்டி விசிறிகள் ராத்திரி முழுக்க இரையும். தீயைப் பற்றியே எல்லாரும் பேசிக்கொண்டிருப்பதால் இந்த தினசரி இரைச்சல் யார் காதிலும் விழுவதில்லை.

கேட்பவர்கள் எல்லாருமே ஊருக்கு மின்சாரம் கிடைக்குமா என்றும் வேலை கிடைக்குமா என்றும் கேட்பார்கள். காற்றாலை மின்சாரம் பெரிய சப்ஸ்டேஷனுக்குப் போய் மாநிலம் முழுக்கக் கலந்துவிடும். உங்கள் தெருவில் கரண்ட் போவது டிரான்ஸ்பார்மரையும் உள்ளூர் லைனையும் பொறுத்தது, பேட்டரி அதைச் சரிசெய்யாது. வேலை, கட்டும் காலத்தில் நிறைய இருக்கும். முடிந்தபிறகு வாட்ச்மேன், டிரைவர், சில டெக்னீஷியன், அவ்வளவுதான். ஐடிஐ, டிப்ளமோ படித்த உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் காற்றாடியில் ஏறிப் பராமரிக்கும் பயிற்சியை ஆரம்பத்திலேயே கொடுக்க வேண்டும் என்று கேட்டால், வாட்ச்மேன் வேலையைவிட உருப்படியான ஒன்று கிடைக்கும்.

பணம் எவ்வளவு கேட்கலாம் என்றால், புரோக்கர் சொல்லும் ஏக்கர் விலையை வழிகாட்டி மதிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால் எப்போதும் அதிகமாகத்தான் தெரியும். மறுபக்கம் இருந்து கணக்குப் போடுங்கள். 3 மெகாவாட் காற்றாடி நல்ல இடத்தில் வருஷத்துக்குச் சுமார் 80 லட்சம் யூனிட் தரும். யூனிட்டுக்கு 3.50 ரூபாய் என்று வைத்தால் 2.8 கோடி. அதில் ஒரு சதவீதம் 2.8 லட்சம். மெகாவாட்டுக்கு ஏழெட்டுக் கோடி போட்டு, வங்கிக் கடனைக் கட்டி, பராமரித்து மிஞ்சுவதுதான் அவர்களுக்கு லாபம் என்பதையும் மறக்கக் கூடாது, வரவு முழுவதும் அவர்கள் பையில் விழுவதில்லை. ஆனாலும் ஒரு சதவீதமோ அரையோ வருஷா வருஷம் ஊராட்சிக்கு என்று கேட்பது அதிகப்படியான கேள்வி இல்லை. ஸ்காட்லாந்தில் மெகாவாட்டுக்கு வருஷம் 5,000 பவுண்டு ஊருக்குக் கொடுப்பது வழக்கமாகவே இருக்கிறது. நம்மூரில் அப்படி விதி கிடையாது. கோயில் கொடைக்கு நன்கொடை, பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு என்று முடித்துவிடுவார்கள். கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் சுமார் ஒன்றரைக் கோடி செலவில் 350 கிலோவாட் காற்றாடி ஒன்றைச் சொந்தமாகவே வாங்கி நிறுத்தி, தன் தெருவிளக்கு, மோட்டார் செலவுக்குப் போக மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. பெரும்பகுதி கடன் வாங்கிச் செய்தது. ஊராட்சியால் முடியாத காரியம் இது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். அந்தக் காலத்து விதிகளும் விலையும் இன்று இல்லை என்பதும் உண்மை, அப்படியே திருப்பிச் செய்ய முடியாது.

இதையெல்லாம் எங்கே கேட்பது? 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லை. ஆகவே அனல்மின் நிலையத்துக்கு நடப்பதுபோல கலெக்டர் தலைமையில் கருத்துக்கேட்புக் கூட்டம் சட்டப்படி நடக்காது. யாரும் உங்களைக் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அடுத்து வருவதில் கம்பெனிக்காரரை வரவழைத்து, வரைபடத்தோடு பேசவைத்து, பதிலைத் தீர்மானமாக எழுதுங்கள். கிராம சபைத் தீர்மானத்தை வைத்து மட்டும் ஒரு தனியார் நில விற்பனையைத் தடுத்துவிட முடியாது. ஆனால் நான் பார்த்தவரை, கடன் கொடுக்கும் வங்கியும் முதலீட்டாளரும் ஊர் எதிர்ப்பு உள்ள இடத்தைக் கண்டு தயங்குவார்கள், அந்தத் தயக்கம்தான் உங்கள் பலம். அந்தப் பலம் இருப்பது முதல் சில பத்திரங்கள் பதிவாகும் வரைதான். ரோட்டுக்கு வேண்டிய துண்டு நிலங்கள் புரோக்கர் கைக்குப் போய்விட்டால் அப்புறம் பேச ஒன்றும் இருக்காது. ஊர் ஒரு முடிவுக்கு வரும்வரை யாரும் அட்வான்ஸ் வாங்காமல் இருக்க முடியுமா பாருங்கள். கஷ்டம்தான், கல்யாணக் கடனும் காலேஜ் பீஸும் இருக்கிற வீட்டில் அப்படிச் சொல்ல எனக்கே வாய் வருவதில்லை.

கடைசியாக அப்பாவின் 4 ஏக்கர். முதலில் பட்டா, வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் பிரித்துக்கொள்ளுங்கள். பஞ்சமி நிலம் என்றால் பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கோ கம்பெனிக்கோ விற்பது செல்லாது, எந்தப் புரோக்கர் என்ன சொன்னாலும் அதில் கைவைக்காதீர்கள். புரோக்கர் பெயருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டாம், கம்பெனியோடு நேரடியாகத்தான் ஒப்பந்தம். தமிழ்நாட்டில் கம்பெனிகள் பெரும்பாலும் கிரயமாகவே கேட்கும், காற்றாடி நிற்கும் இரண்டு மூன்று ஏக்கரை மொத்தமாக வாங்கிக்கொள்ளும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் குத்தகை கேட்பேன். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உயரும் வாடகை, அஸ்திவாரமும் ரோடும் போக மிச்ச நிலத்தில் விதைக்கும் உரிமை, கம்பெனியை வேறு ஒருவர் வாங்கினாலும் அதே நிபந்தனைகள், எல்லாம் பதிவு செய்த தமிழ்ப் பத்திரத்தில். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை பதிவாகாவிட்டால் கோர்ட்டில் நிற்காது. 25 வருஷம் கழித்துக் கோபுரத்தின் இரும்பையும் செம்பையும் எடுக்க ஆள் வரிசையில் நிற்பார்கள். நார்க்கண்ணாடி இறக்கையையும் மண்ணுக்குள் இருக்கும் கான்கிரீட்டையும் எடுக்க யாரும் வர மாட்டார்கள், முப்பந்தல் பக்கம் கழற்றிய பழைய இறக்கைகள் கிடப்பதைப் போய்ப் பார்க்கலாம். பேட்டரி 12, 15 வருஷத்திலேயே மாற்ற வேண்டிவரும். பழையதைத் திரும்ப எடுக்கும் பொறுப்பு 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் தலையில் இருக்கிறது, ஆனால் உங்கள் ஒப்பந்தத்திலும் அது இருக்கட்டும். தரைமட்டத்துக்குக் கீழே ஒரு மீட்டர் ஆழம் வரை கான்கிரீட்டை உடைத்து எடுத்து மண் பரப்பித் தருவோம் என்ற உறுதியும், அதற்கு வங்கி உத்தரவாதமும் கேளுங்கள். இதில் குத்தகைக்கும் உத்தரவாதத்துக்கும் ஒப்புக்கொள்ளாமல் கிரயம்தான் என்று பிடிவாதம் பிடித்தால், 4 ஏக்கரையும் கொடுக்காமல் அவர்களுக்கு வேண்டிய துண்டை மட்டும் அளந்து கொடுங்கள், மிச்ச நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதை உரிமையை அதே பத்திரத்தில் எழுதி வாங்கிவிட்டு.